பந்தயத்தில் அசையாமல் நின்ற என் மகள்

விழுப்புரம் ரயில் சந்திப்பில் பயணச்சீட்டு வழங்கும் சாளரங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் மட்டும் வரிசை வாசற்படியைத் தாண்டி நீண்டிருந்த காலம் ஒன்று உண்டு. பக்கத்துச் சாளரத்து ஊழியர் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். நீண்ட வரிசையின் முனையில், கண்ணாடிக்கு அப்பால், என் மகள் உட்கார்ந்திருப்பாள்.

ஓய்வூதிய வேலையாகக் கருவூலத்துக்குப் போயிருந்த ஒருநாள், அவளோடு சேர்ந்தே திண்டிவனம் திரும்பலாம் என்று ரயில் நிலையத்தில் தூணோரமாகக் காத்திருந்தேன். தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவரின் முறை வந்தது.

“பக்கத்துல காலியா இருக்குதுங்க. அங்க வாங்கினா ஜல்தியா போலாம்” என்றாள் மகள்.

“இருக்கட்டும்மா. ஒன் கையால ஒரு திண்டிவனம் குடு.”

“வண்டி பிளாட்பாரத்துக்கு வந்துடுச்சுங்க.”

“அது போனா இன்னொண்ணு வருது. எங்க ஊரு கண்டாச்சிபுரத்துல போயி, சாம்பியன் கையால டிக்கெட் வாங்கினேன்னு சொன்னா எவன் நம்புவான்? இத பத்திரமா மடிச்சு வெச்சுக்கினு போய்க் காட்டணும்.”

பின்னால் நின்றவர் பொறுமை இழந்தார். “யோவ், பெட்டியில ஏறி அத முதல்ல டி.டி.ஆர்.கிட்ட காட்டுய்யா. நகரு, நாங்களும் சாம்பியனப் பாக்கணும்ல.”

வரிசை முழுவதும் சிரித்தது. பொது இடத்தில் சிரிப்பது என் வழக்கமன்று. ஆனால் அன்று தூணின் மறைவில் நின்றபடி என் மேல்துண்டை ஒருமுறை சரிசெய்துகொண்டேன் என்பது நினைவிருக்கிறது.

நான் அரசுக் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். கெடாருக்கு அருகில் சொந்த நிலத்தில் உழுது வாழ்ந்த குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள். வகுப்பில் ஆதாரமில்லாமல் ஒரு வாக்கியம் சொல்லியதில்லை. ஊரில் யாருடைய வாசலிலும் உதவி கேட்டு நின்றதில்லை. திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடியேறிய பின் அக்கம்பக்கத்தார் வழக்குக்குப் போகுமுன் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாயிற்று. அந்த மதிப்பைக் காப்பதை ஒரு பொறுப்பாகவே கருதி வந்திருக்கிறேன். எங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை அவள்.

மேல்நிலைப் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளில் புறவழிச்சாலையின் ஓரத்தில் டவுன் பஸ்ஸோடு போட்டியிட்டு ஓட்டுகிறாள் என்று முதலில் என் காதுக்கு வந்தபோது, அதைப் புகாராகத்தான் சொன்னார்கள். நான் கண்டிக்கவும் செய்தேன். உடற்கல்வி ஆசிரியை வீட்டுக்கு வந்து, இந்தக் கால்களை வீட்டுக்குள் வைத்திருப்பது நியாயமில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் விளையாட்டு விடுதிக்கு அனுப்ப இசைந்தேன். அங்கிருந்து மாநில அணி, பிறகு தேசிய அளவில் தங்கம், இந்தியச் சட்டை அணிந்து வெளிநாட்டுத் தடங்களில் சில போட்டிகள், விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை என்று அவள் பாதை தானாகவே நீண்டது. பயிற்சி முகாம்கள் போக மீதி நாள்களில் விழுப்புரத்தில் பயணச்சீட்டு கொடுப்பாள்.

அவள் ஓட்டியது சாலைப் பந்தயமன்று. வளைவுகளில் சுவர்போல் எழும்பி நிற்கும் நீள்வட்டத் தடம் ஒன்று. அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டும் போட்டி. நம் பக்கத்தில் அப்படியொரு தடம் கிடையாது. அதற்குரிய சைக்கிளும் வேறுவகையானது. அதில் பிரேக் இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தனியே உருளாது. சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியே ஆகவேண்டும்.

இந்த விவரம் எங்கள் ஊருக்குத் தெரியவந்த விதம் சொல்லத்தக்கது. முதல் தங்கத்தோடு அவள் வந்தபோது, எங்கள் தெருமுனையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர் வரவேற்புக்கு ஏற்பாடு செய்தார். என்னிடம் பட்டப்படிப்பு படித்தவர். நற்பணி மன்றச் செயலாளர். ஊரில் எந்த விழாவானாலும் ஒலிபெருக்கி அவருடையது, பேச்சும் அவருடையது. மேம்பாலத்திலிருந்து மண்டபம் வரை மகள் பந்தய சைக்கிளிலேயே ஊர்வலத்தின் முன்னால் வரவேண்டும் என்பது அவர் ஆசை.

“அண்ணே, அதுல பிரேக் கெடையாது” என்றாள் மகள்.

“இன்னா தங்கச்சி சொல்ற? அவ்ளோ வெல குடுத்து வாங்கிக்கினு பிரேக் வெக்க மாட்டானா?”

“தடத்துல எல்லாரும் ஒரே பக்கம் போறோம். பின்னாடி வர்றவங்க மோதிடுவாங்கன்னு யாருக்கும் பிரேக் கெடையாதுண்ணே.”

அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்போ நம்ம ஊரு ஷேர் ஆட்டோ மாதிரின்னு சொல்லு” என்றார். மகள் திறந்த ஜீப்பில் வந்தாள். பந்தய சைக்கிளைப் பூமாலையோடு பின்னால் ஒரு சரக்கு வண்டியில் ஏற்றி வந்தார்கள்.

அதற்குப் பிறகான ஆண்டுகளில் அவள் ஊரின் பொதுச்சொத்தானாள். பள்ளி ஆண்டு விழாக்களுக்கு அழைத்தார்கள். நகைக்கடை நாள்காட்டியில் அவள் படம் வந்தது. பெண்பிள்ளைகள் அவளைப்போல் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதாகத் தாய்மார்கள் என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். பேருந்து நிலையத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வறுத்து விற்கும் அம்மாள், என்னைப் பேராசிரியர் என்று அதுவரை அறிந்தவர், ‘சைக்கிள் பொண்ணோட அப்பா’ என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சுட்டிக்காட்டினார். பேராசிரியப் பட்டம் அந்த இடத்தில் உதிர்ந்துபோனதில் எனக்கு வருத்தமில்லை.

இவ்வளவு அன்பு செலுத்திய ஊருக்கு அவளுடைய பந்தயம் எப்படி நடக்கிறது என்பது தெரியாது. எனக்கும் பெரிதாகத் தெரியாது. மேடையில் பதக்கத்தோடு நிற்கும் படங்களைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம்.

சென்ற ஆண்டு, தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் முதன்முறையாக இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பானது. எலக்ட்ரிக்கல் கடைக்காரர் விடுவாரா? காய்கறிச் சந்தைக்கு எதிரே இருந்த காலியிடத்தில் பெரிய திரை கட்டினார். நாற்காலிகள் நிறைந்து, மக்கள் சாலைவரை நின்றார்கள். முன்வரிசை நடுவில் என்னை உட்காரவைத்துச் சால்வை அணிவித்தார்கள். தடம் கேரளத்தில் இருந்தது. எதிராளி பஞ்சாபைச் சேர்ந்த பெண். அவளும் ரயில்வே ஊழியர்தான்.

இருவர் மட்டும் மோதும் ஆட்டம் அது. மூன்று ஓட்டங்களில் இரண்டை வென்றவர் வெற்றியாளர். முதல் ஓட்டத்தில் மகள் வென்றபோது பட்டாசு வெடித்தது. இரண்டாவதில் மற்றவள் வென்றாள். மூன்றாவது தொடங்கியதும் நாற்காலிகளில் இருந்தவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

இருவரும் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தார்கள். மகள் முன்னால், மற்றவள் சற்றுப் பின்னால். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி சரிவின்மேல் ஏறினாள். ஏறியவள் அங்கேயே நின்றுவிட்டாள். காலை ஊன்றவில்லை, சைக்கிளின் மேல், முன்சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அப்படியே நின்றாள்.

“ஏன் நிக்கிறா?”

“செயின் கழண்டுக்கிச்சா?”

“மிதிம்மா! ஏய், மிதி!”

“வெவரம் தெரியாம கத்தாதய்யா. நெட்டு நின்னிருக்கும்.”

“நெட்டு ஓடுதுய்யா, கொடி ஆடுது பாரு. இவதான் நிக்கிறா.”

வர்ணனையாளர் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். பட்டாசுப் புகைக்கும் கூச்சலுக்கும் நடுவே ஒலிபெருக்கியில் இரைச்சல்தான் கேட்டது. கணப்பொழுதில் மற்றவள் சரிவின் கீழ்ப்பக்கமாகப் பாய்ந்தாள். மகள் துரத்தினாள். கோட்டைக் கடக்கும்போது இருவருக்கும் இடையே இருந்தது அரைச் சக்கர தூரம். மகளுக்கு வெள்ளி.

திரையின் வெளிச்சத்தில் எலக்ட்ரிக்கல் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தேன். தோற்றவர் அவர்தான் என்று யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். “முன்னாடி இருந்தா சார். நின்னு வழி விட்டுட்டா” என்றார். பிறகு திரையின் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார்.

அந்த ஒரு வாக்கியம் மறுநாள் காலைக்குள் ஊர் முழுவதும் பரவி, வளர்ந்திருந்தது. இருவரும் ஒரே துறையில் வேலை செய்பவர்கள். மேலிடம் சொல்லி இவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள். பதவி உயர்வு வரப்போகிறது, பொறுத்திருந்து பாருங்கள் என்றார்கள். அவள் அசையாமல் நிற்கும் பகுதியை மட்டும் வெட்டி, அதற்குக் கேலி இசை சேர்த்து, கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பினார்கள். ஒரு வரலாற்று மாணவனாக எனக்கு இது புதிதன்று: தாம் கொண்டாடிய ஒருவர் தம்மைவிடத் திறமையான ஒருவரிடம் தோற்றார் என்பதைவிட, விலைபோனார் என்று நம்புவது மக்களுக்கு எளிதாக இருக்கிறது. முதலாவதில் தங்கள் மதிப்பீடும் சேர்ந்து தோற்கிறது. இரண்டாவதில் தாங்கள் ஏமாற்றப்பட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆனால் சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பாடத்தைப் படிப்பது வேறு.

தொலைபேசியில் அவளிடம் கேட்டேன். அவளை ஐயுற்றுக் கேட்கவில்லை. எனக்கு விளங்கவில்லை, விளங்காத ஒன்றைக் காத்துப் பேச என்னால் இயலாது.

“முன்னாடி போறவதாம்பா தோப்பா” என்றாள். “காத்த அவதான் கிழிக்கணும். பின்னாடி இருக்கிறவ அந்த மறைவுலயே வந்து, கடைசில தாண்டிடுவா. அதனால ரெண்டு பேரும் மத்தவள முன்னாடி தள்ளத்தான் பாப்போம். நான் நின்னேன், அவ முன்னாடி போகட்டும்னு. அவ போனா, ஆனா நான் நெனச்ச நேரத்துல போகல. என் சக்கரம் திரும்பி இருந்தப்போ பாஞ்சா. அவ்ளோதாம்பா நடந்துச்சு.”

“இதைப் பத்திரிகைக்காரர்களை அழைத்துச் சொல்கிறேன்” என்றேன்.

“வேணாம்பா. தோத்துட்டு விளக்கம் குடுத்தா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்.”

அவள் சொன்னதில் என் இயல்பு இருந்ததால் என்னால் மறுக்க முடியவில்லை. சில வாரங்கள் கழித்து மீண்டும் விழுப்புரம் போனபோது, அவள் சாளரத்தின் முன் வரிசை மற்றவற்றின் அளவே இருந்தது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் சட்டைப்பையில் கண்ணாடி செருகிய ஒரு நடுவயதுக்காரர் மீதிச் சில்லறையை எடுத்துக்கொண்டே, “இன்னாம்மா, இங்கயாவது எடத்த வுட்டுத்தராம உக்காந்துக்கினு இருக்கியே” என்று சொல்லிப் போனார். மகள் “அடுத்தவங்க வாங்க” என்றாள். அவள் குரலில் மாற்றம் இல்லை. அடுத்தவர் கேட்டது செங்கல்பட்டு. அவள் தந்ததோ திண்டிவனம். அவர் திருப்பி நீட்டியதும் வாங்கி மாற்றித் தந்தாள்.

அந்த ஆண்டின் இறுதியில், கேரளத்துக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதாக வீட்டில் சொன்னாள். தடம் இருக்கும் ஊர். தினமும் பயிற்சி செய்யலாம். பொங்கலுக்குப் பிறகு ஆணை வந்துவிடும்.

“இப்பொழுது போகக் கூடாது” என்றேன்.

“ஏம்பா?”

“குற்றம் செய்தவள் ஊரைவிட்டு ஓடினாள் என்பார்கள். அந்தப் பேச்சு நீ இங்கே இருக்கும்வரை வெறும் வதந்தி. நீ போன மறுநாள் அதுவே தீர்ப்பாகிவிடும்.”

“ஊருக்குப் பதில் சொல்றதுக்காக நான் இங்கயே உக்காந்துக்கினு இருந்தா, என் காலுக்கு யாருப்பா பதில் சொல்றது? இன்னும் எத்தினி வருஷம் இந்தக் கால் இப்படி இருக்கும்?”

என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். “ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மொறச்சுக்கினு இருக்கீங்க. கேப்பக் களி ஆறிப்போவுது. தின்னுட்டு மொறைங்க.”

உண்டோம். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் போவதை நான் தடுக்க முடியாது என்பதை அறிவேன். என் பெயரோடு சேர்ந்த ஒரு பெண், செய்யாத இழிவை முதுகில் சுமந்துகொண்டு விழுப்புரத்தில் ரயிலேறுவாள் என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

காணும் பொங்கலன்று எங்கள் பகுதியில் விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். பள்ளி மைதானத்தில் உறியடி, இசை நாற்காலி, கயிறு இழுத்தல். நிறைவாக, மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி. பல ஆண்டுகளாக நான்தான் தலைமை. இம்முறை உடல்நலமில்லை என்று சொல்லி அனுப்பலாமா என்று எண்ணினேன்.

“நீங்க போகலன்னா, தப்பு செஞ்சவங்க வீடுன்னு நாமளே போர்டு மாட்டின மாதிரி” என்றாள் மனைவி. நான் சலவை வேட்டியை எடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள் மகள். “நானும் வர்றேன்பா.”

மைதானத்தில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள்; காப்பி தந்தார்கள். மரியாதையில் குறைவில்லை. எங்கள் நாற்காலிகளைச் சுற்றி ஆள் நடமாட்டம்தான் குறைந்திருந்தது. எலக்ட்ரிக்கல் கடைக்காரர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே இருந்தார், எங்கள் பக்கம் பார்க்காமல்.

கடைசிப் போட்டி வந்தது. தரையில் சுண்ணாம்புத்தூளால் நேர்கோடுகள் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு தடம் ஒதுக்கினார்கள். இந்தப் போட்டியின் விதியை எங்கள் ஊரில் சிறு குழந்தையும் அறியும். கோட்டை விட்டு விலகக் கூடாது. காலைத் தரையில் ஊன்றக் கூடாது. கடைசியாக எல்லையை அடைபவரே வென்றவர். ஆண்டுதோறும் அதில் வெல்பவர் எலக்ட்ரிக்கல் கடைக்காரர்தான். தொப்பை விழுந்த பிறகும் அந்தப் பட்டத்தை அவர் யாருக்கும் விட்டுத்தந்ததில்லை. ஒலிபெருக்கியை வேறொருவரிடம் கொடுக்குமுன், கூட்டம் தன்னிடம் எதிர்பார்ப்பதைக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கத்தில் அவர் சொன்னார்:

“நிக்கிறதுக்குன்னே பேர் போன ஒருத்தங்க நம்ம மைதானத்துல இருக்காங்க. அவங்க வந்தா நாங்கள்லாம் காலியாயிடுவோம். கூப்பிடலாமா?”

மைதானம் சிரித்தது. அது வரவேற்பின் சிரிப்பன்று என்பது எல்லோருக்கும் தெரியும். நான் எழுந்து வெளியேறுவதென்று தீர்மானித்து நாற்காலியின் கையைப் பற்றினேன். அதற்குள் மகள் எழுந்துவிட்டாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினாள். வேலியோரம் நின்றிருந்த மாணவி ஒருத்தியிடம், “ஒன் சைக்கிளக் கொஞ்சம் குடுக்கிறியா கண்ணு?” என்று கேட்டு வாங்கி, பிரேக்குகளை அழுத்திப் பார்த்தாள். கோட்டில் வந்து நின்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

விசில் ஊதியதும் எல்லோரும் தள்ளாடிப் புறப்பட்டார்கள். ஒருவர் கோட்டைத் தாண்டினார். ஒருவர் பக்கத்திலிருந்தவர்மேல் சரிந்தார். மாப்பிள்ளை முறுக்கோடு வந்த ஒருவர் கைப்பிடியை ஆட்டிய ஆட்டத்தில் விழுந்து, வெள்ளை வேட்டியில் செம்மண்ணோடு எழுந்தார். மிஞ்சியது இருவர். எலக்ட்ரிக்கல் கடைக்காரர் நத்தைபோல் நகர்ந்தார். மகள் நகரவில்லை. தரையில் இருந்த சிறு மேட்டில் முன்சக்கரத்தை ஏற்றித் திருப்பி, பிரேக்கை இலேசாகப் பிடித்து, சாய்வதும் நிமிர்வதும் தெரியாத அளவுக்கு அசைந்தபடி, அங்கேயே நின்றாள்.

“மிதிக்காத அண்ணே, மிதிக்காத!” என்று கூட்டம் கடைக்காரரைப் பார்த்துக் கத்தியது. “நில்லு! முன்னாடி போனா போச்சு! நில்லு!”

அவர் நிற்க முயன்றார். வியர்வை வழிந்தது. மகள் பின்னால் இருப்பதைத் திரும்பிப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: “ஏன் தங்கச்சி, அன்னைக்கு ஏன் அப்படிப் பண்ண? எவ்ளோ ஆசையா தெர கட்டினேன் தெரியுமா?”

“பேசாதீங்கண்ணே. கால ஊனிடுவீங்க.”

“நீ சொல்லு மொதல்ல.”

“இப்போ நீங்க ஏன் நிக்கப் பாக்குறீங்க?”

“முன்னாடி போனா தோத்துடுவேன்ல!”

“அன்னைக்கும் அதேதாண்ணே.”

அவர் சைக்கிள் ஒருமுறை குலுங்கி, முன்னால் உருண்டது. இடக்கால் தரையைத் தொட்டது. விசில் ஊதினார்கள். அவர் இறங்கவில்லை, கைப்பிடியைப் பிடித்தபடி, ஒற்றைக்காலூன்றி, கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் மேட்டின்மேல் நின்றாள். கத்திக்கொண்டிருந்த மைதானத்தில் இப்போது கயிற்றில் கட்டியிருந்த காகிதத் தோரணங்களின் சரசரப்பு கேட்டது. ‘நில்லு, நில்லு’ என்று சற்றுமுன் கத்தியவர்கள் தாங்கள் கத்தியதை யோசிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அவள் மெல்ல மிதித்து, எல்லையைக் கடந்து, சைக்கிளை உரியவளிடம் சேர்த்தாள்.

கடைக்காரர் அவளிடம் நடந்து வந்தார். நானும் அருகில் போயிருந்தேன்.

“அப்போ அவள முன்னாடி அனுப்பத்தான் நின்னியா?”

“ஆமாண்ணே. ஜெயிக்கத்தான் நின்னேன்.”

“யாரும் சொல்லல?”

“யாரும் சொல்லல. அவ என்னவிட நல்லா கெளம்பிட்டா. அன்னைக்கு அவ பெட்டர். அவ்ளோதாண்ணே.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். “மைக்குல சொல்லிடவா தங்கச்சி? மன்னிப்பும் கேட்டுடறேன்.”

நான் அதைத்தான் இத்தனை மாதங்களாக விரும்பியிருந்தேன். ஊர் முன்னிலையில், ஒலிபெருக்கியில், தெளிவான சொற்களில். ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“மைக்குல வேணாம்ணே” என்றாள் மகள். “எல்லாரும்தான் பாத்துட்டாங்களே. அந்தப் பரிசுக் குடத்த ரெண்டாவதா வந்த உங்களுக்கே குடுக்கச் சொல்லுங்க. தலைமை வீட்டுல பரிசு எடுத்துக்கினு போனா அப்பாவுக்குப் புடிக்காது.”

உண்மைதான். எனக்குப் பிடித்திருக்காது. எவர்சில்வர் குடத்தை நானே அவர் கையில் கொடுத்தேன். கூட்டத்திலிருந்து யாரோ, “அண்ணே, தண்ணி புடிச்சுக்கினு வா, நின்னு நின்னு தொண்ட காஞ்சிருக்கும்” என்றார். மைதானம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் மகளும் சேர்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், மாறுதல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாமே என்றேன்.

“ஏம்பா? தடம் அங்கதான இருக்கு?”

“இப்பொழுது போனால்...” என்று தொடங்கினேன். வாக்கியம் முடியவில்லை. சில வாரங்களாக எளிதாக வந்துகொண்டிருந்த அதன் பின்பாதி அன்று வரவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. மாசி மாதத்தில் விழுப்புரத்திலிருந்து இரவு வண்டியில் போனாள். வழியனுப்ப ஊரிலிருந்து வந்தது நானும் மனைவியும்தான். அவளோடு வேலை பார்த்தவர் ஒருவர் சாளரத்தைப் பூட்டிவிட்டு வந்து, பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டி நகரும்வரை பேசினார்.

ஊர் முழுவதும் தெளிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கேலி இசையோடு அந்தப் படம் இன்னும் யாருடைய கைப்பேசியிலாவது இருக்கக்கூடும். பள்ளி விழாக்களுக்கு இப்போது வேறொரு விளையாட்டு வீரரை அழைக்கிறார்கள்.

இந்த ஆண்டு தேசியப் போட்டிக்குப் பெரிய திரை கட்டவில்லை. அரையிறுதியில் அந்தப் பஞ்சாப் பெண்ணிடமே மகள் தோற்றாள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வென்று வெண்கலம் பெற்றாள். மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது, எலக்ட்ரிக்கல் கடையின் கதவு பாதி திறந்திருந்தது. என்னைக் கண்டதும் கடைக்காரர் வெளியே வந்தார். பழைய வழக்கத்தில் நான் என் முகத்தைத் தயார்செய்துகொண்டேன்.

“பாத்தேன் சார், நேத்து. போன்ல பாத்தேன்” என்றார். “இந்த வாட்டியும் தங்கச்சி நல்லாதான் நின்னுச்சு. அதுக்கு மேல நின்னா அந்தப் பஞ்சாப் பொண்ணு. பாத்தீங்களா? செலை மாதிரி. பலே கையி சார் அது. அவகிட்ட தோக்கலாம்.”

“ஆம். தோற்கலாம்” என்றேன்.

“கால் வலி இருக்குதா தங்கச்சிக்கு? கடைசில கொஞ்சம் இழுத்துப் போச்சே.”

விசாரித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுப் பால் பாத்திரத்தோடு வீட்டுக்கு நடந்தேன். மகளின் தோல்வியை நடுத்தெருவில் நின்று ஒருவரோடு பேசிவிட்டு, தலை நிமிர்ந்தே வந்தது எனக்கு அதுவே முதல்முறை.